மருத்துவப் பேராசான் சார்க்கோ

சென்னை மாநகரிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெடுங்காலம் அவ்வூரின் பெயராலேயே வழங்கியது. பின்னர்ப் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றது. இச்சாலையில், சென்ட்ரல் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே, அரசு பொது மருத்துவமனை அமைந்துள்ளது. அம்பத்தூர், ஆவடி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து மின்தொடர் வண்டியில் வந்திறங்கும் நோயாளர், சாலையைக் கடந்த அளவிலே இம்மருத்துவமனையை அடைவர். 1950ஆம் ஆண்டில் டாக்டர் இராமமூர்த்தி இங்கே நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வைத்தார். 1970ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம், செகந்நாதன் என்னும் மருத்துவர்களும் அவரும் சேர்ந்து, இளம்பருவத்தினரிடையே தாம் கண்ட ஒரு நோயைப் பற்றி எழுதினர். கைகால்கள் மெலிந்து, முகமும் நாவும் தளர்ந்து, செவிப்புலனும் குன்றும் அந்நோய், இன்று உலக மருத்துவ நூல்களில் மதராஸ் இயக்க நரம்பணு நோய் என்று நம் நகரின் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

மக்களுக்குக் குடியும் கிளையும் இருத்தல்போல நோய்களுக்கும் உண்டு. மதராஸ் நோய் பிறந்த குடியில் மூத்தது எதுவோ, அதனைப் பிற நோய்களினின்று பிரித்தறிந்து பெயரிட்டவர் ழான் மார்ட்டின் சார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் காலத்தில் உயிருள்ள மனிதனின் மூளையைக் காண வழியே இல்லை. ஆயினும் அவர் கண்டார். எவ்வாறு கண்டார் என்பதும், எங்கே காணத் தவறினார் என்பதும் அவர் வரலாற்றில் விளங்கும்.

சார்க்கோ 1825ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலர். அவருக்கு மைந்தர் நால்வர். நால்வரையும் உயர்கல்வி பயிற்றுவிக்கும் செல்வம் அவரிடம் இல்லை. ஆதலால் ஓராண்டுக் காலம் கல்வியில் எவன் முதன்மை பெறுகின்றானோ அவனையே மேலும் படிக்க வைப்பதென்று அவர் முடிவு செய்தார் என்பர். மூத்த மகனாகிய சார்க்கோவே அப்பேறு பெற்றார். இளையவருள் ஒருவர் தந்தையின் பட்டறையை ஏற்றார். மற்றொருவர் படையிற் சேர்ந்தார். தம்பியர் விட்டுக்கொடுத்த பொருளில் தாம் படித்தவர் என்னும் நினைவு ஓர் இளைஞனை எவ்வாறு உழைக்கச் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இளமையிலேயே அவர் மிகுதியாகப் பேசாதவர், தனித்திருத்தலை விரும்புபவர். ஓவியம் வரைவதில் அவருக்கு அளவற்ற பற்று. ஓவியராவதா, மருத்துவராவதா என்று சின்னாள் மயங்கிய பின்னரே மருத்துவக் கல்வியை மேற்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். தூரிகையைத் தொழிலாகக் கொள்ளவில்லையே அன்றி, ஓவியனுடைய கண்ணை அவர் இறுதிவரை கைவிடவில்லை. பிரெஞ்சு மொழியோடு ஆங்கிலம், செருமன், இத்தாலியம் ஆகிய மொழிகளையும் கற்று, அயல்நாட்டு மருத்துவர் எழுதியவற்றை நேரே படித்தறிந்தார். 1853ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மூட்டு நோய்களை வேறு வேறாகப் பிரித்துக் காட்டிற்று. கலந்து கிடப்பதைப் பிரித்தல் என்னும் இவ்வேலையே பின்னர் அவர் வாழ்நாள் தொழிலாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குரிய தேர்வில் 1857ஆம் ஆண்டில் அவர் தோல்வியுற்றார். 1860ஆம் ஆண்டில் மீண்டும் எழுதி வென்றார்.

பாரிசு நகரில் சால்பெத்ரியேர் என்றொரு பெருமனை உண்டு. துப்பாக்கி மருந்துக்குரிய வெடியுப்பைச் சேர்த்து வைத்த இடமாதலால் அதற்கு அப்பெயர் வந்தது. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1656ஆம் ஆண்டில், அஃது ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதியாக மாறியது. சார்க்கோ அங்கு மருத்துவராகப் பொறுப்பேற்ற 1862ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,000 பெண்டிர் அங்கே வாழ்ந்தனர். முதியோர், திக்கற்றோர், முடங்கியோர், வலிப்பு நோயுடையோர், மனம் கலங்கியோர் எனப் பலதிறத்தாரும் அக்கூட்டத்தில் அடங்குவர். பெயரும் புகழும் தேடும் இளமருத்துவர் அவ்விடத்தில் நெடுநாள் தங்க விரும்பார். சார்க்கோவோ, தாம் மாணவராய் அங்குப் பணி செய்த நாளிலேயே, உலகத்தில் வேறெங்கும் கிடைத்தற்கரிய அறிவுக் களஞ்சியம் அதுவென்று உணர்ந்திருந்தார். வுல்ப்பியன் என்னும் நண்பரைத் துணைக்கொண்டு, கூடம் கூடமாகச் சென்று, கட்டில் கட்டிலாக நின்று, ஒவ்வொரு நோயாளியையும் ஆராய்ந்து குறிப்பெழுதத் தொடங்கினார்.

அவர் கைக்கொண்ட முறை இரண்டு படிகளை உடையது. நோயாளி உயிரோடிருக்கும்போது அவருடைய நடை, நடுக்கம், தசையின் மெலிவு, பேச்சின் குழறல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கி எழுதியும் வரைந்தும் வைத்தல் முதற்படி. அந்நோயாளி இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து, நுண்பெருக்காடியில் வைத்து, எப்பகுதி சிதைந்துள்ளது என்று கண்டு, முன்னெழுதிய குறிப்போடு ஒப்பிடுதல் இரண்டாம் படி. விடுதியில் சேர்ந்தோர் பெரும்பாலும் இறக்குமளவும் அங்கேயே இருந்தமையால்தான் இம்முறை கைகூடிற்று. முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே மருத்துவர் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தது எதற்காக என்பதை நினைக்குங்கால் உள்ளம் சற்றே நடுங்கும். நரம்பியல் என்னும் மருத்துவத் துறை பெயரறியாத அவ்வேழைப் பெண்டிரின் உடல்களின்மீது எழுந்தது. மருத்துவருடைய பெயர்கள் நோய்களுக்குச் சூட்டப்பட்டன. அப்பெண்டிரின் பெயர்களைக் கேட்பார் இலர்.

தம் இல்லத்துப் பணிப்பெண்ணையும் அவர் இவ்வாறே நோக்கினார். அப்பெண்ணின் கைகள் நடுங்கின. தட்டுகளும் கிண்ணங்களும் அடிக்கடி விழுந்து உடைந்தன. வீட்டார்க்கு இழப்பு நேர்ந்தபோதிலும் சார்க்கோ அவரை நீக்கவில்லை. அந்நடுக்கம் பார்க்கின்சன் என்பார் முன்பு எழுதிய நடுக்குவாதமே என்பது அவர் துணிபு. அப்பெண் சால்பெத்ரியேர் மனையிற் சேர்ந்து இறந்த பின்னர், நரம்பு மண்டலத்தில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தடித்திருத்தல் காணப்பட்டது. தாம் எண்ணிய நோய் அதுவன்று என்பதைச் சார்க்கோ அறிந்துகொண்டார். நடுங்குவோர் எல்லாரும் ஒரே நோயுடையோர் அல்லர் என்னும் தெளிவு இத்தகைய பிழைகளிலிருந்து அவருக்குப் பிறந்தது. 1868ஆம் ஆண்டில் அவர் திட்டுத்தடிப்பு நோயை விளக்கியுரைத்தார். நடுக்குவாதத்திற்குப் பார்க்கின்சன் பெயரையே இடல் வேண்டும் என்று கூறியவரும் அவரே.

இனி, அவருடைய புகழுக்கு அடித்தளமாகிய கண்டுபிடிப்பைக் காண்போம். ஒருவர் தம் விரலை அசைக்க எண்ணினால், அவ்வாணை மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியில் பிறக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களின் நீண்ட இழைகள் கற்றையாகக் கீழிறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் மறுபக்கம் தாண்டி, தண்டுவடத்தின் பக்கப் பகுதி வழியே செல்கின்றன. தண்டுவடத்தின் நடுவிலுள்ள சாம்பல் நிறப் பகுதிக்கு முன்கொம்பு என்னும் உறுப்பு உண்டு. கீழ்நிலை நரம்பணுக்கள் அங்கே உள்ளன. அவை ஆணையை வாங்கித் தசைக்குச் செலுத்துகின்றன. மேல்நிலை அணுக்கள் கெட்டால் உறுப்பு விறைக்கும். கீழ்நிலை அணுக்கள் கெட்டால் தசை துடித்துத் துடித்து மெலிந்து, வற்றிப்போகும். இன்று பள்ளி மாணவரும் கற்கும் இச்செய்தி அன்று இவ்வளவு தெளிவாக அறியப்படவில்லை.

1865ஆம் ஆண்டில் சார்க்கோ இளம்பெண் ஒருத்தியைப் பற்றி மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். அவள் கைகால்கள் விறைத்து முடங்கியிருந்தன. உடலில் குற்றமின்றி மனத்தாலேயே வரும் ஹிஸ்டீரியா என்னும் நோயே அவளுக்கு என்று கருதப்பட்டிருந்தது. அவள் இறந்தபின் தண்டுவடத்தை ஆராய்ந்தபோது, பக்கக் கற்றைகள் இரண்டும் கடினமாகித் தடித்திருந்தன. 1869ஆம் ஆண்டில் சார்க்கோவும் அவருடைய மாணவர் சொஃப்ருவாவும், தசைகள் மெலிந்து இறந்த இருவரிடத்தில் பக்கக் கற்றைகளோடு முன்கொம்பு அணுக்களும் அழிந்திருத்தலைக் கண்டனர். விறைப்பும் மெலிவும் ஓருடலில் ஒருங்கே வருவதன் காரணம் இதனால் புலனாயிற்று. 1874ஆம் ஆண்டில் சார்க்கோ இந்நோய்க்கு ஒரு நீண்ட பெயர் சூட்டினார். தசைகள் ஊட்டமிழந்து மெலிதல், தண்டுவடத்தின் பக்கப் பகுதி, அது கடினமாதல் என்னும் மூன்று செய்திகளையும் அப்பெயர் தன்னுள் அடக்கியது. ஏ.எல்.எஸ். என்று இன்று மருத்துவர் சுருக்கமாகச் சொல்லுவது அதனையே. பிரான்சில் அதனைச் சார்க்கோவின் நோய் என்றே அழைக்கின்றனர். 1963ஆம் ஆண்டில், தம் 21ஆம் அகவையில், இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இந்நோய் உள்ளதென மருத்துவர் கண்டறிந்தனர். அவர் 2018ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது அரியதொரு விலக்கு. பலர் நோய் தொடங்கிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்து இறந்துபடுகின்றனர்.

இந்நோய்க்கு மருந்தில்லை என்பதைச் சார்க்கோ மறைக்கவில்லை. கண்டறிந்த நோயைத் தீர்க்க முடியாமை அவரை வாட்டியது. ஆயினும் தேடுதலை நிறுத்தலாகாது என்பதே அவர் உறுதி.

அவர் பாடஞ்சொல்லும் திறம் ஐரோப்பா முழுவதும் பரவியது. வெள்ளிக்கிழமைகளில் முன்னரே எழுதி ஆயத்தம் செய்த விரிவுரைகளை நிகழ்த்துவார். செவ்வாய்க்கிழமைகளில் அன்று வந்த புதிய நோயாளரை எதிரே அமர்த்தி, மாணவர் காண, அவ்விடத்திலேயே ஆராய்ந்து முடிவு சொல்லுவார். நோயாளருடைய நடையைத் தாமே நடந்து காட்டுவார். இருவகை நடுக்கங்களின் வேற்றுமை பின்வரிசையில் இருப்போர்க்கும் தெரியவேண்டுமென்று, நோயாளரின் தலையணிகளில் நீண்ட இறகுகளைச் செருகி, அவை அசையும் விதத்தைக் காட்டுவார். கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் மூளையை வரைவார். பபின்ஸ்கி, பியேர் மரி, ழில் த லா தூரெத் முதலியோர் அவரிடம் பயின்று புகழ் பெற்றனர். வியன்னாவிலிருந்து 1885ஆம் ஆண்டில் வந்து சில திங்கள் பயின்ற சிக்மண்ட் பிராய்டு, பின்னாளில் தம் மகனுக்கு ஆசிரியரின் பெயரையே இட்டார். 1882ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு நரம்பு நோய்களுக்கென ஒரு பேராசிரியப் பதவியை ஏற்படுத்திச் சார்க்கோவுக்கு அளித்தது.

அதே ஆண்டில் ஆல்பர்ட் லோந்து என்னும் புகைப்படக் கலைஞர் சால்பெத்ரியேரில் பணியமர்ந்தார். பல கண்ணாடி வில்லைகளை உடைய கருவியொன்றை அமைத்து, நோயாளியின் ஓர் அசைவைப் பல துணுக்குகளாகப் பிரித்து அவர் படமெடுத்தார். எழுத்தும் ஓவியமும் பற்றாத இடத்தில் படம் உதவும் என்பதை உணர்ந்த முதல் மருத்துவர்களுள் சார்க்கோ ஒருவர்.

வீட்டில் அவர் விலங்குகளிடம் பேரன்புடையவர், வேட்டையை வெறுத்தார், குரங்கொன்றை வளர்த்து வந்தார். மாணவரிடத்திலோ கண்டிப்பு மிகுதி. எதிர்த்துப் பேசுவோரை அவர் விரும்புவதில்லை. இக்குணம் அவருக்கே தீங்கு விளைத்தது.

ஹிஸ்டீரியா நோயில் அவர் பின்னர் ஈடுபட்டார். மயக்கு துயிலில் ஆழ்த்தினால் அந்நோயாளர் சில ஒழுங்கான படிகளில் வலிப்புற்று விழுவர் என்றும், அவ்வொழுங்கு நரம்பிலேயே உள்ளதென்றும் அவர் நம்பினார். நகரத்துப் பெரியோரும் எழுத்தாளரும் கூடிய அவையில் பெண்கள் அவ்வாறே விழுந்தனர். நான்சி நகரத்து மருத்துவர் பெர்னேம், அவ்வொழுங்கு நோயினால் வந்ததன்று, மருத்துவர் எதிர்பார்ப்பதை நோயாளி உணர்ந்து நடத்தலால் வந்தது என்று மறுத்தார். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் இந்நோயாளர் மூளையில் எந்தச் சிதைவும் காணப்படவில்லை. இரண்டாம் படி இல்லாத இடத்தில் முதற்படியை மட்டும் நம்பி ஏறியதே சார்க்கோவின் பிழை. ஹிஸ்டீரியா என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் தண்டுவடத்தில் மெய்யான சிதைவைக் கண்டவரும் அவரே. காட்சிக்கு நிறுத்திய பெண்களிடத்தில் இல்லாத ஒழுங்கைக் கண்டவரும் அவரே. தம் கருத்தைத் திருத்த வேண்டும் என்று இறப்பதற்குச் சிறிது காலம் முன்னர்த் தம் செயலரிடம் அவர் தெரிவித்ததாகச் செயலர் எழுதியுள்ளார். திருத்துவதற்கு நாள் இல்லை. 1893ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், மோர்வான் மலைப்பகுதியில் ஓர் ஏரிக்கரை விடுதியில் நண்பருடன் தங்கியிருந்தபோது, மூச்சுத் திணறி உயிர் நீத்தார்.

ஏ.எல்.எஸ். நோயைப் பற்றி அவர் மூன்று செய்திகள் கூறிச் சென்றார். நோய் மேல்நிலை இழைகளில் தொடங்கிக் கீழ்நிலை அணுக்களுக்குப் பரவுகிறது என்பது ஒன்று. இயக்கம் கெடினும் தொட்டுணர்வு கெடுவதில்லை என்பது இரண்டு. அறிவும் பழுதின்றி இருக்கும் என்பது மூன்று. முதற்செய்தியை இங்கிலாந்து மருத்துவர் கவர்ஸ் மறுத்து, மேலும் கீழும் தனித்தனியே கெடக்கூடும் என்றார். இவ்வழக்கு நூறாண்டுக்கு மேலும் தீரவில்லை. இறந்தபின் காணப்படுவது நோயின் கடைசி நிலையே. எது முன், எது பின் என்பதைப் பிணம் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்த ஒத்ததிர்வுக் கருவி வந்தபின் உயிருள்ளோர் மூளையைக் காணுதல் கூடிற்று. நீர்த்துகள்கள் நரம்பிழையின் குறுக்கே செல்வதைக் காட்டிலும் நெடுகச் செல்லுதல் எளிது. இழைகள் சிதைந்தால் அவ்வோட்டத்தின் திசையொழுங்கு குலையும். இதனை அளந்து மூளையின் நரம்புப் பாதைகளை வரைகின்றனர். மேலும், இந்தியாவிற் பிறந்த பரத் பிஸ்வாலும் உடனாய்வோரும் 1995ஆம் ஆண்டில் வேறொன்று கண்டனர். ஒருவர் கையைக் காலை அசைக்காமல் சும்மா கிடக்கும்போதும், இடமூளையிலும் வலமூளையிலும் உள்ள இயக்கப் பகுதிகளின் குருதியோட்டக் குறி ஒன்றுபோல ஏறி இறங்குகிறது. தம்முள் இணைந்து ஏறி இறங்கும் பகுதிகளை ஒரு வலைப்பின்னல் என்கின்றனர்.

ஆவடித் தடத்து இருப்புப்பாதையை எண்ணினால் இது விளங்கும். நீரோட்டப் படம் தண்டவாளத்தைக் காட்டுகிறது. குருதியோட்டப் படம் வண்டிப் போக்குவரத்தைக் காட்டுகிறது. ஏ.எல்.எஸ். நோயாளரிடத்தில் மூளையிலிருந்து இறங்கும் இயக்கக் கற்றையும், இரு பாதி மூளைகளையும் இணைக்கும் பாலத்தின் நடுப்பகுதியும் சிதைந்திருத்தலை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். தண்டவாளம் பழுதானால் வண்டிகள் குறையும் என்றே எவரும் எண்ணுவர். சில ஆய்வுகளில் இயக்க வலையின் இணைப்புக் குறைந்தேயிருந்தது. ஆனால் 2011ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு ஆய்வாளர், பாதை சிதைந்த நோயாளரிடத்தில் இணைப்பு மிகுந்திருத்தலைக் கண்டனர். மூளையில் கிளர்ச்சியை அடக்கும் நரம்பணுக்கள் உண்டு. அவை அழிந்ததால் இம்மிகுதி வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கைகாட்டி மரம் விழுந்துவிட்ட நிலையத்தில் வண்டிகள் தடையின்றிப் புகுவது போன்றது இது. மிகுதி நோயின் தொடக்கக் குறியோ, இழப்பை ஈடுசெய்யும் முயற்சியோ என்பதில் அறிஞர் இன்னும் ஒருப்படவில்லை.

2013ஆம் ஆண்டில், இறந்தோர் மூளைகளை ஆராய்ந்தோர், டி.டி.பி.-43 என்னும் புரதம் இயக்கப் பகுதியில் தொடங்கிப் படிப்படியாகப் பிற பகுதிகளுக்குப் பரவும் நான்கு நிலைகளை வகுத்தனர். மறு ஆண்டே செருமனியின் உல்ம் நகர ஆய்வாளர், உயிருள்ள நோயாளரின் நரம்புப் பாதைகளில் அந்நிலைகளுக்கு ஒத்த சிதைவைப் படத்தில் கண்டனர். மேலிருந்து கீழ் என்னும் சார்க்கோவின் கருத்துக்கு இது வலுவூட்டுகிறது. முற்ற முடிந்த தீர்ப்பாகாது. மூன்றாம் செய்தியோ திருத்தம் பெற்றுவிட்டது. நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் நினைவு, சொல், நடத்தை ஆகியவற்றில் சிறிதளவேனும் மாறுதல் உண்டு; நெற்றிப்புற மூளையின் வலைகளும் பாதிக்கப்படுதலைப் படங்கள் காட்டுகின்றன. இவையெல்லாம் பல நோயாளரை ஒருங்கு வைத்துக் கண்ட முடிவுகள். தனியொருவர்க்கு இந்நோய் உண்டென்று வலைப்படத்தைக் கொண்டே உறுதி செய்யும் நிலை இன்னும் வரவில்லை. கழுத்துத் தண்டுவடம் நசுங்குதல் போன்ற வேறு நோய் இல்லை என்று விலக்குவதற்கே மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. பெரிதும் பயன்படுகிறது. மருந்தும் மிகுதியில்லை, 1995ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் நோயின் வேகத்தைச் சிறிது தணிக்கும்.

மதராஸ் நோய் இக்குடியில் வேறொரு கிளை. பெரும்பாலும் 30 அகவைக்கு உட்பட்ட, மெலிந்த உடலினரையே அது பற்றுகிறது; தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம், கேரளம் ஆகிய தென்னாட்டுப் பகுதிகளிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. பெங்களூரிலுள்ள நிம்ஃகான்சு நிறுவன மருத்துவர் 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் 116 பேரைக் கண்டு எழுதினர். நோய் மெல்ல நடப்பதால் பல்லாண்டு வாழ்வோர் பலர். செவிப்புலன் குன்றுதலை ஏ.எல்.எஸ். நோயில் சார்க்கோ காணவில்லை. மதராஸ் நோயிலோ அது தலைமை அடையாளங்களுள் ஒன்று. இயக்க நரம்பணுவோடு செவிநரம்பும் ஏன் சேர்ந்து கெடவேண்டும் என்னும் வினா இன்னும் விடை பெறவில்லை.

சால்பெத்ரியேர் இன்றும் மருத்துவமனையாகவே விளங்குகிறது. அதன் வளாகத்திலேயே 2010ஆம் ஆண்டில் மூளை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே நோயாளி காந்தக் கருவியினுள் அசையாது படுத்திருக்கிறார். அவருடைய மூளைப் பாதைகள் படமாக எழுகின்றன. படமெடுத்து முடிந்ததும் அவர் கைத்தாங்கலாக எழுந்து வீட்டிற்குச் செல்கிறார். அடுத்த படத்திற்கு மீண்டும் வருகிறார்.